மஜ்னூன் என்னும் சொல்

அரபு மொழியில் ‘மஜ்னூன்’ என்றால் ஜின்னால் பீடிக்கப்பட்டவன் என்று பொருள். மக்கத்துக் குறைஷியர் நம் நாயகம் (ஸல்) அவர்கள் மீதே இச்சொல்லை வீசினர். அல்குர்ஆன் அதனை மறுத்துரைத்தது.

ஜின்களின் இருப்பை நாம் நம்புகிறோம். எனினும், சித்தம் கலங்கியோரை ஜின் பிடித்தவர் என்று நம் முன்னோர் கைவிட்டுவிடவில்லை. 1025ஆம் ஆண்டளவில் நிறைவுற்ற ‘அல்கானூன்’ என்னும் மருத்துவ நூலில் இப்னு ஸீனா இதனை ஆராய்கிறார். மனச்சோர்வு நோய் ஜின்னாலேயே வருவதாயினும், உடலில் மிகும் கரும்பித்தத்தைக் கவனிப்பதே மருத்துவனின் கடமை என்பது அன்னாரின் முடிபு. கரும்பித்தக் கொள்கை இன்று வழக்கொழிந்தது. நோயை நோயாகக் காணும் அந்நோக்கு ஒழியவில்லை. 1284இல் சுல்தான் கலாவூன் கெய்ரோவில் நிறுவிய மருத்துவமனையில் மனநோயாளருக்கெனத் தனிப்பகுதியே இருந்தது. வக்ஃபு வருவாய் அதனைத் தாங்கிற்று.

அவ்வழியை நாம் மறந்ததன் விலை பெரிது. 2001இல் ஏர்வாடிக் காப்பகமொன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டுத் தப்ப வழியின்றி 28 மனநோயாளர் மாண்டனர்.

நம் வீட்டுப் பிள்ளை பிதற்றினால் ஓதிப் பார்ப்போம். அன்றே மருத்துவரிடமும் அழைத்துச் செல்வோம். சங்கிலியை மட்டும் நம் கை தொடாதிருக்கட்டும்.