சிவப்புப் புள்ளிகளும் ஃபாப்ரி நோயும்

ஆங்கியோகெரடோமா என்ற சொல்லைப் பிரித்தால் நாளம், கொம்பு, கட்டி என்று மூன்று கிரேக்கத் துண்டுகள் கிடைக்கும். பெயர்தான் பயமுறுத்துகிறது. தோலின் மேற்புறத்தை ஒட்டிய நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிந்து, அவற்றின் மேல் தோல் சற்றே தடித்துச் சொரசொரப்பாகும். கருஞ்சிவப்பில் குண்டூசித் தலையளவு புள்ளி, அவ்வளவுதான். புற்றாக மாறாது. வயதான ஆண்களின் விதைப்பையில் இவை தோன்றுவது சாதாரணம். ஃபோர்டைஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1896-இல் இதை விவரித்தார். நாற்பதைத் தாண்டியவர்களின் மார்பிலும் முதுகிலும் வரும் வழுவழுப்பான சிவப்பு மச்சங்கள் வேறு வகை. அவற்றுக்கும் இங்கே சொல்லப்போவதற்கும் தொடர்பில்லை.

பள்ளிப் பருவத்திலேயே, தொப்புளுக்கும் முழங்காலுக்கும் இடையே, இடுப்பிலும் தொடையிலும் கூட்டம் கூட்டமாக இப்புள்ளிகள் கிளம்பினால் கதை வேறு. 1898-இல் ஜெர்மனியின் டோர்ட்மண்ட் நகரில் யோஹானஸ் ஃபாப்ரியும் லண்டனில் வில்லியம் ஆண்டர்சனும், ஒருவரையொருவர் அறியாமல், இப்படிப்பட்ட நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். ஆண்டர்சன் ஜப்பானில் மருத்துவம் கற்பித்தவர். அங்கே அவர் சேர்த்த ஓவியங்கள் இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ளன. தன் நோயாளியின் சிறுநீரில் புரதம் வெளியேறுவதைக் கண்டு, கோளாறு தோலோடு நிற்கவில்லை என்று அவர் ஊகித்தார். ஓவியம் பார்த்துப் பழகிய கண் என்று சொல்லத் தோன்றுகிறது எனக்கு.

ஊகம் உறுதிப்பட ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் ஆயின. செல்லுக்குள் ஒருவகைக் கொழுப்பைச் சிதைக்கும் நொதி இவர்களுக்குக் குறைவு என்று 1967-இல் ராஸ்கோ பிரேடி குழுவினர் காட்டினர். ஆல்ஃபா கேலக்டோசிடேஸ் ஏ என்பது அதன் பெயர். சிதையாத கொழுப்பு இரத்தக் குழாய்ச் சுவர்களிலும் சிறுநீரகத்திலும் இதயத்திலும் நரம்பிலும் ஆண்டுக்கணக்கில் சேருகிறது. சிறுநீரகச் செயலிழப்பு, இதயத் தசை தடித்தல், இள வயதில் பக்கவாதம் எல்லாம் பின்னால் வருபவை. ஃபியூகோசிடோசிஸ் போன்ற வேறு சில சேமிப்புக் கோளாறுகளிலும் இதே புள்ளிகள் தோன்றும். அவை இன்னும் அரிதானவை.

புள்ளிகளுக்கு முன்பே பெரும்பாலும் வலி வந்துவிடுகிறது. உள்ளங்கையும் உள்ளங்காலும் எரியும். வியர்வை சரியாகச் சுரக்காது. வெயிலில் ஓடினாலும் காய்ச்சல் கண்டாலும் எரிச்சல் கூடும். வெளியே காயம் எதுவும் தெரியாததால், விளையாட்டு வகுப்புக்குச் சாக்குச் சொல்கிறான் என்று பெரியவர்கள் முடிவுகட்டிவிடுகிறார்கள். புள்ளிகளோ உடைக்குள் மறைந்திருக்கும் இடத்தில் இருக்கின்றன. வளர்ந்த பையன் யாரிடம் காட்டுவான்? நோயைக் கண்டறியப் பல ஆண்டுகள் பிடிப்பதற்கு இந்தக் கூச்சமும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

இன்று சிகிச்சை இருக்கிறது. குறைந்த நொதியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நரம்பு வழியே ஏற்றும் முறைக்கு 2001-இல் ஐரோப்பாவிலும் 2003-இல் அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்தது. குறிப்பிட்ட சில மரபணு மாற்றங்கள் உள்ளவர்களுக்கு மட்டும் பயன்படும் மிகாலாஸ்டாட் என்ற மாத்திரை 2016-இல் ஐரோப்பாவுக்கு வந்தது. ஆனால் வடுவாகிப்போன சிறுநீரகத்தை இவை மீட்டுத் தருவதில்லை. சீக்கிரம் கண்டுபிடிப்பதில்தான் பலன்.

பிழையுள்ள மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால், நோயுள்ள தந்தையிடமிருந்து எல்லா மகள்களுக்கும் அது போகும், மகன்களுக்குப் போகாது. தாயிடமிருந்தோ ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பெண்களை வெறும் 'கடத்துபவர்கள்' என்று பழைய பாடநூல்கள் எழுதின. அது சரியல்ல. அவர்களுக்கும் இதயமும் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். ஆண்களுக்கு இரத்தத்தில் நொதியை அளந்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். பெண்களுக்கு அந்த அளவு இயல்பாகவே இருக்கக்கூடும் என்பதால் மரபணுச் சோதனை செய்தாக வேண்டும்.