நாக்கைச் சுழற்றும் நாய்: பசியா, பயமா, நோவா?

கடந்த வருடம் எங்கள் ஊர்க் கோயில் கொடியேற்றத்துக்கு முதல் நாள் அம்மா ஆட்டிறைச்சிக் கறி வைத்தார். அடுத்த பத்து நாட்களும் வீட்டில் மரக்கறிதான் என்பதால் அன்று எல்லோரும் கொஞ்சம் கூடுதலாகவே சாப்பிட்டோம். எலும்புகள் எல்லாம் வழமை போல பிறவுணிக்குப் போயின. அவன் ஏழு வயது ஊர் நாய். கறுப்பு மூக்கும் செம்மண் நிற உடம்புமாக, சாப்பாட்டில் குறை சொல்லாதவன்.

மறுநாளிலிருந்து கோயிலில் வெடிச் சத்தம் தொடங்கியது. பிறவுணி விறாந்தையின் மூலையில் படுத்துக்கொண்டு உதட்டை நக்கத் தொடங்கினான். நாக்கு வெளியே வரும், மூக்கு வரை சுழலும், உள்ளே போகும். அரை நிமிடம் கழித்துத் திரும்பவும் வரும்.

"மரக்கறிச் சோறு அவனுக்குப் பிடிக்கேல்லை. மச்சம் கேட்டு நக்குறான்" என்றார் அம்மா.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஏனென்றால் நான் அப்போது நாய்களின் உடல்மொழி பற்றி நிறைய வாசித்திருந்தேன். இது பயம், வெடிச் சத்தத்தால் வந்த பதற்றம் என்று அம்மாவுக்கு ஒரு சிறிய விரிவுரையே நடத்தினேன். ஊடகக் கற்கை படித்தவர்களுக்கு எதையும் குறியீடாக வாசிக்கும் ஒரு வியாதி உண்டு. அம்மாவும் பிழை, நானும் பிழை என்று தெரிய ஐந்து நாட்கள் எடுத்தது. அந்த ஐந்து நாட்களின் விலையை அக்காவின் மகனும் பிறவுணியும் கொடுத்தார்கள்.

நான் வாசித்தது பொய்யில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சாப்பாட்டுக் கோப்பையைக் கண்டதும் நாய் உதட்டை நக்குவதும், சாப்பிட்ட பிறகு நக்கித் துடைப்பதும் இயல்பானவை. சாப்பாடு எதுவும் பக்கத்தில் இல்லாத நேரத்தில் நாக்கு நுனி சட்டென்று வெளியே வந்து போகிறது என்றால், அது வேறு கதை. நோர்வே நாட்டு நாய்ப் பயிற்சியாளர் துரிட் ருகாஸ் இத்தகைய அசைவுகளை 'அமைதிப்படுத்தும் சைகைகள்' என்று பெயரிட்டுப் பிரபலமாக்கினார். முகத்தைத் திருப்புவது, கொட்டாவி விடுவது, உதட்டை நக்குவது எல்லாம் அந்தப் பட்டியலில் வரும். "எனக்கு இது பிடிக்கவில்லை, சண்டை வேண்டாம்" என்று நாய் சொல்லும் விதம் அது.

இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தையும் பிரேசிலின் சாவோ பாவுலோ பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள் 2018 இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மனித முகங்களையும் நாய் முகங்களையும் படங்களாகக் காட்டி, குரல்களையும் கேட்க வைத்துப் பார்த்தபோது, கோபமான மனித முகத்தைக் கண்டபோதுதான் நாய்கள் கூடுதலாக வாயை நக்கின. கோபமான குரலுக்கு அப்படி நடக்கவில்லை. நாங்கள் வாய் திறந்து ஏசுவதற்கு முன்னரே எங்கள் முகத்தை அது வாசித்து முடித்துவிடுகிறது போலும்.

செருப்பைக் கடித்துவிட்டு, தலையைக் குனிந்து, உதட்டை நக்கிக்கொண்டு நிற்கும் நாயைப் பார்த்து "செய்ததுக்கு வெட்கப்படுது பார்" என்கிறோமே, அதுவும் இதில் சேரும். அமெரிக்க ஆய்வாளர் அலெக்சாண்ட்ரா ஹொரோவிட்ஸ் 2009 இல் இதைச் சோதித்தார். தவறு செய்ததா இல்லையா என்பதற்கும் அந்தக் 'குற்ற' முகத்துக்கும் தொடர்பு இருக்கவில்லை. சொந்தக்காரர் ஏசும்போதுதான் அந்த முகம் கூடியது. தவறே செய்யாத நாயும், ஏச்சு விழுந்தால் அப்படித்தான் நின்றது.

இவ்வளவும் தெரிந்திருந்ததால்தான் நான் பிழை விட்டேன். பிறவுணியின் நாக்கைப் பார்த்தவுடன் விடை கையில் இருந்தது. அதனால் கேள்வி கேட்கவில்லை. வெடி இல்லாத நண்பகலிலும், இரவு இரண்டு மணிக்கும் அவன் நக்கிக்கொண்டிருந்ததைக் கண்டும் காணாமல் விட்டேன். சோற்றை எடுத்து வாயிலிருந்து திரும்பக் கீழே போட்டான். ஒரு பக்கமாகத் தலையைச் சரித்து மென்றான். முன்னங்காலால் வாயைத் தேய்த்தான். மூன்றாம் நாள் வாயிலிருந்து ஒரு கெட்ட மணம் வந்தது. "வயசு போகுது" என்றேன்.

ஐந்தாம் நாள் பின்னேரம் அக்காவின் ஐந்து வயது மகன், பிறவுணியின் கழுத்தைக் கட்டிப்பிடித்து முகத்தோடு முகம் வைத்தான். பிறவுணி முகத்தைத் திருப்பினான், நக்கினான், உறுமினான். பிறகு கடித்தான். ஆழமான கடி இல்லை, புறங்கையில் ஒரு சிராய்ப்பு. ஆனால் பிள்ளை போட்ட சத்தத்தில் முன்வீட்டு ஐயா படலையடிக்கு வந்துவிட்டார். வாயில் வீணீர் வடிய நின்ற நாயைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "பிள்ளை, உது விசர் பிடிச்ச நாய் மாதிரிக் கிடக்கு. ஆரிட்டையும் சொல்லி எங்கையாவது தூரத்திலை விட்டிட்டு வாங்கோ."

அவர் கெட்ட மனிதர் இல்லை. இந்தப் பயத்துக்கு இங்கே காரணம் உண்டு. விசர்நாய்க்கடி நோயின் அறிகுறிகள் தொடங்கிவிட்டால் மனிதரைக் காப்பாற்றுவது அநேகமாக முடியாத காரியம். நோய் பிடித்த நாய்க்கு விழுங்க முடியாமல் போகும், வீணீர் வடியும், தாடை தொங்கும், குரல் மாறும், குணம் மாறும். தண்ணீரைக் கண்டு அஞ்சுவது மனிதரில் வரும் அறிகுறி. நாய் தண்ணீர் குடிக்கிறது என்பதற்காக அதற்கு விசர் இல்லை என்று முடிவெடுக்கக் கூடாது. ஆகவே காரணம் தெரியாமல் வீணீர் வடிக்கும் நாயின் வாய்க்குள், அது எவ்வளவு செல்ல நாயாக இருந்தாலும், வெறுங்கையை விடாதீர்கள்.

நாங்கள் பிள்ளையின் கையைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவினோம். பிறகு வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். டொக்டர் முதலில் கேட்டது நாயின் தடுப்பூசி அட்டையை. நல்ல காலம், அம்மா அதை அரிசிப் பேணிக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்திருந்தார். வருடா வருடம் போட்ட ஊசிகள் அதில் இருந்தன. நாயைக் கட்டி வைத்து 14 நாட்கள் கவனிக்கச் சொன்னார். அட்டை இல்லாதிருந்தால் அந்த இரவே வேறு மாதிரிப் போயிருக்கும், பிள்ளைக்கும் நாய்க்கும். நாய்களுக்கான இந்த ஊசியைச் சுகாதாரப் பிரிவினர் இலவசமாகப் போடுகிறார்கள். ஊருக்கு வரும்போது தவறவிடாதீர்கள், அட்டையையும் தொலைக்காதீர்கள்.

மறுநாள் காலை மிருக வைத்தியரிடம் போனோம். கையுறை போட்டு, மயக்க ஊசி கொடுத்து வாயைத் திறந்தார். மேலண்ணத்துக்குக் குறுக்கே, இரண்டு பக்கக் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவில், பாலம் போட்டது போல ஓர் எலும்புத் துண்டு இறுகியிருந்தது. சுற்றியிருந்த முரசு வீங்கிச் சீழ் கட்டியிருந்தது. கொடியேற்றத்துக்கு முதல் நாள் எலும்பு. குறட்டால் பிடித்து இழுக்க எடுத்த நேரம் ஒரு நிமிடம்கூட இல்லை.

"எத்தனை நாளா நக்குறான்?" என்று அவர் கேட்டபோது நான் அம்மாவைப் பார்த்தேன்.

அன்று அவரிடம் கேட்டதையும் பிறகு தேடி வாசித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். விடாமல் உதட்டை நக்கும் நாயில் முதலில் பார்க்க வேண்டியது வாய். எலும்பு, தடி, மீன்முள் சிக்கியிருக்கலாம். பல் உடைந்திருக்கலாம், முரசு பழுத்திருக்கலாம், புண் இருக்கலாம். தேரையைக் கவ்விய நாயும் நுரையும் வீணீருமாக நக்கும். அப்போது வாயை நீரால் கழுவிவிட வேண்டும், நீர் தொண்டைக்குள் போகாதபடி தலையைக் கீழ்நோக்கிப் பிடித்துக்கொண்டு.

அடுத்தது வயிறு. குமட்டல் வந்த மனிதர் எச்சிலை விழுங்குவது போல நாய் நக்கி நக்கி விழுங்கும், புல்லுத் தின்னும். கனடாவின் மொன்றியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012 இல், நிலத்தையும் சுவரையும் பொருட்களையும் ஓயாமல் நக்கும் 19 நாய்களைப் பரிசோதித்தார்கள். அதுவரை இது மனக்கோளாறு என்றே பெரும்பாலும் கருதப்பட்டது. 14 நாய்களுக்குச் சமிபாட்டுத் தொகுதியில் கோளாறு இருந்தது. சிகிச்சை கொடுத்த 17 நாய்களில் 9 நாய்கள் நக்குவதையே நிறுத்திவிட்டன. இந்த ஆய்வை நான் ஒரு வருடம் முந்தி வாசித்திருக்க வேண்டும்.

விடியப்புறம் மஞ்சள் நுரையாகச் சத்தி எடுத்து, அதற்கு முன் நக்கிக்கொண்டே இருக்கும் நாய்களும் உண்டு. இரவு முழுவதும் வெறும் வயிற்றில் கிடப்பது இதற்கு ஒரு காரணம். படுக்க முன் கொஞ்சம் சோறு கொடுத்துப் பாருங்கள். நின்றுவிட்டால் நல்லது. நிற்காவிட்டால் வைத்தியரிடம் போங்கள். சிறுநீரகம், ஈரல், கணையம் பழுதானாலும் குமட்டல் வரும். உண்ணியால் வரும் காய்ச்சலிலும் வரும். வயதான நாய் மெலிந்து, நிறையத் தண்ணீர் குடித்து, உதட்டையும் நக்கினால் இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். அரிதாக, ஒரு பக்க வலிப்பும் நக்கலாகவும் மெல்லலாகவும் தெரியும். கூப்பிட்டால் திரும்பாது, கண் வேறெங்கோ நிற்கும்.

காத்திருக்கக் கூடாத நிலை ஒன்று உண்டு. நாய் வீணீர் வடித்து, சத்தி எடுக்க முயன்றும் எதுவும் வராமல், வயிறு உப்பி, அந்தரப்படுகிறது என்றால் இரைப்பை முறுகியிருக்கலாம். பெரிய, நெஞ்சு ஆழமான இனங்களில்தான் இது கூடுதல். நாளைக்குப் பார்ப்போம் என்றால் நாய் இருக்காது.

வீட்டில் செய்யக்கூடியவை பெரிதாக இல்லை, ஆனால் பயன் உண்டு. நக்கும்போது கைத்தொலைபேசியில் காணொளி எடுங்கள். வைத்தியரின் மேசையில் ஏறியதும் எல்லா நாயும் பயத்தில் நக்கும், அங்கே வித்தியாசம் தெரியாது. எத்தனை மணிக்கு, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, யார் பக்கத்தில் நின்றார்கள் என்று எழுதி வையுங்கள். நான் அப்படி எழுதியிருந்தால் 'இரவு இரண்டு மணி, வெடி இல்லை' என்ற ஒரு வரியே போதுமாக இருந்திருக்கும். பரசிற்றமோல், ஐபுபுரூபன் போன்ற எங்கள் மாத்திரைகளை நாய்க்குக் கொடுக்காதீர்கள், அவை நஞ்சாகலாம். உதடு காய்ந்துவிட்டது என்று தேங்காய் எண்ணெய் பூசினால் அதை நக்கவே நாய்க்கு இன்னொரு காரணம் கிடைக்கும். வெங்காயமும் உள்ளியும் போட்ட கறிக் குழம்பு ஊற்றிய சோறும் கூடாது, அவை நாயின் செங்குருதிக் கலங்களை அழிக்கும். சமைத்த எலும்பைப் பற்றி இனி நான் சொல்லத் தேவையில்லை.

வாயிலும் வயிற்றிலும் ஒன்றுமில்லை என்று வைத்தியர் சொன்ன பிறகுதான் பயம் என்ற விடைக்கு வர வேண்டும். வெடி நாட்களில் கதவு ஜன்னலைச் சாத்திய அறையொன்றில், மின்விசிறியோ வானொலியோ ஓட, பழகிய சாக்கோடு விடுங்கள். பக்கத்தில் இருந்து தடவினால் பயம் கூடிப் பழகிவிடும் என்று சொல்வார்கள். அப்படி இல்லை, தாராளமாகத் தடவலாம். நக்குவதற்காக ஏசுவதுதான் கெடுதல். கோப முகம் நாக்கை இன்னும் சுழற்ற வைக்கும். மிகவும் நடுங்கும் நாய்களுக்கு வைத்தியர் மருந்தும் கொடுப்பார். திருவிழாவுக்கு முதல் கிழமையே போய்க் கேட்க வேண்டும், வெடி தொடங்கிய பிறகு அல்ல.

பதினான்கு நாட்களும் பிறவுணி பின்வளவு மாமரத்தடியில் கட்டப்பட்டுக் கிடந்தான். முன்வீட்டு ஐயா தினமும் மதிலால் எட்டிப் பார்த்தார். பதினைந்தாம் நாள் அவிழ்த்துவிட்டோம். அம்மா இப்போது எலும்பைக் குப்பைக் கிடங்கில் போட்டு மண் மூடுகிறார், பிறவுணி அதைக் கிண்டப் பார்க்கிறான்.

அக்காவின் மகனுக்கு நாங்கள் ஒன்று மட்டும் பழக்கினோம். போன சனிக்கிழமை அவன் பிறவுணிக்குப் பக்கத்தில் இருந்து விளையாட்டுக் காரை அதன் முதுகில் ஓட்டிக்கொண்டிருந்தான். பிறவுணி முகத்தைத் திருப்பி ஒரு தரம் நக்கினான்.

"சித்தி, நாக்கைக் காட்டுறான்" என்றான். காரை எடுத்துக்கொண்டு விறாந்தையின் மற்றப் பக்கம் போய்விட்டான்.