செண்டெரிடைடு – மனிதரிடம் நடந்த முதல் ஆய்வு

செண்டெரிடைடு என்பது இதய இயக்குநீர்களைப் பின்பற்றி ஆய்வகத்தில் வடிவமைக்கப்பட்ட ஒரு பெப்டைடு ஆகும். இதன் தொடக்கப் பெயர் சிடி-என்பி.

இதயம் வெறும் குருதி இறைக்கும் பம்பு அன்று, இயக்குநீர் சுரக்கும் உறுப்பும் ஆகும் என்பதை 1981-இல் கனடாவின் கிங்ஸ்டன் நகரில் அடோல்போ டி போல்ட் குழுவினர் எலிகளிடம் காட்டினர். இதய மேலறைத் திசுவின் சாற்றைச் செலுத்தியதும் எலிகளின் சிறுநீரில் உப்பும் நீரும் மிகுதியாக வெளியேறின. உடலில் நீர் தேங்கி அவதியுறும் இதயச் செயலிழப்பு நோயாளிகளுக்கு வேண்டியதும் அதுவே. ஆனால் இவ்வகை இயக்குநீர்கள் இரத்த அழுத்தத்தையும் இறக்குகின்றன. அழுத்தம் மிகவும் குறைந்தால் சிறுநீரகத்துக்குப் போதிய குருதி செல்லாது. 2001-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற நெசிரிடைடு மருந்தின் முதன்மைக் குறையும் இதுதான்.

மின்னசோட்டாவின் மேயோ மருத்துவமனையில் ஜான் பர்னெட் குழுவினர் வேறு வழி தேடினர். மனித உடலில் உள்ள சி-வகைப் பெப்டைடு அழுத்தத்தை அதிகம் குறைப்பதில்லை. ஆனால் சிறுநீரகத்தில் அதன் வேலை குறைவு. அதன் 22 அமினோ அமிலங்களுடன், பச்சை மாம்பா பாம்பின் நஞ்சில் கண்டறியப்பட்ட பெப்டைடின் 15 அமினோ அமில வால் இணைக்கப்பட்டது. நஞ்சிலிருந்து மருந்து என்பது புதிதல்ல. கேப்டோபிரில் என்ற இரத்த அழுத்த மாத்திரைக்கும் பிரேசில் நாட்டு விரியன் பாம்பின் நஞ்சே வழிகாட்டியது.

நாய்களிடம் சோதித்த பின், நலமான தன்னார்வலர்களிடம் ஆய்வு நடந்தது. முடிவுகள் 2009-இல் வெளியாயின. முதற்கட்டத்தில் 12 பேருக்கு நான்கு மணி நேரம் நரம்புவழி மருந்து செலுத்தப்பட்டது. உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நிமிடத்துக்கு 10, 17.5, 25 நானோகிராம் என அளவு படிப்படியாக உயர்த்தப்பட்டது. தாங்கக்கூடிய உச்ச அளவு 17.5 என முடிவாயிற்று. நோயில்லாத ஒருவர் தமக்கு எந்தப் பயனும் இல்லாமல் இந்த எல்லையைத் தம் உடலில் அளக்க விடுகிறார் என்பது எண்ணத்தக்கது. அடுத்த கட்டத்தில் 10 பேர் மருந்து, போலி மருந்து எனக் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டனர். யாருக்கு எது என்பது அவர்களுக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது.

மருந்து பெற்றவர்களின் சிறுநீரில் சோடியம் கூடியது. உப்பைத் தேக்கும் ஆல்டோஸ்டிரோன் குறைந்தது. இரத்த அழுத்தம் அபாயகரமாக இறங்கவில்லை. எனினும், நலமான இதயத்தில் கிடைத்த விடை நோயுற்ற இதயத்திற்கும் பொருந்தும் என்று கொள்ள இயலாது. ஆகவே அடுத்த ஆய்வுகள் இதயச் செயலிழப்பு நோயாளிகளிடம் நடத்தப்பட்டன.