மாடிப்படிக்குக் கீழே நிற்கும் புல்லட்

எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே சாக்குப் போர்த்தி நிற்கும் அப்பாவின் 1972-ஆம் ஆண்டு புல்லட்டைப் பார்த்து, "இன்னும் எடைக்குப் போடலையா சார்?" என்று பலரும் கேட்கிறீர்கள். அதற்கு இதுதான் பதில்.

இது இங்கிலாந்தின் ரெடிச் நகரில் பிறந்த வண்டி. நம் ராணுவம் எல்லைக் காவலுக்கு 350 சிசி புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ், ரெடிச் நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. முதலில் இறக்குமதிப் பாகங்களைப் பூட்டினார்கள். பிறகு திருவொற்றியூரிலேயே முழு வண்டியும் தயாரானது. 1970-ல் இங்கிலாந்தில் உற்பத்தி நின்றது. 1977-ல் நம் புல்லட் அங்கேயே ஏற்றுமதியானது!

எங்கள் வண்டிக்கு வலது காலில் கியர், இடது காலில் பிரேக். நின்ற இடத்திலேயே மூன்று மாவட்டம் பார்த்துவிட்டது: பதிவுப் புத்தகத்தில் தென்னாற்காடு, 1993-ல் விழுப்புரம், 2019-ல் கள்ளக்குறிச்சி.

வங்கிக் கணக்குப்படி தேய்மானம் கழித்தால் மதிப்பு பூஜ்யம். ஆனால் 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2021-ல் மத்திய அரசு தனிப் பதிவு கொண்டுவந்தது. தினசரி ஓட்ட முடியாது. சேஸிலும் இன்ஜினிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. அதனால்தான் புது இன்ஜின் பொருத்தும் யோசனையை ஒதுக்கிவிட்டேன்.

உங்கள் வீட்டிலும் பழைய வண்டி இருந்தால், அவசரப்பட்டு உதைக்காதீர்கள். பழைய பெட்ரோலை வடித்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிச் சில சொட்டு ஆயில் விட்டு, மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள். பழைய புல்லட் வேலை தெரிந்த மெக்கானிக் யாராவது இருந்தால் எனக்கும் சொல்லுங்கள். அப்பா உதைத்த வண்டியை ஒருமுறையாவது நானும் உதைத்துப் பார்க்க வேண்டும்.