சில்லறைக் கணக்கின் வரலாறு

ஒரு தொகையைச் சில்லறையாக எத்தனை வகைகளில் மாற்றலாம் என்ற கேள்விக்கு முறையான வழி காட்டியவர் கணிதவியலர் ஆய்லர். 1748இல் வெளிவந்த தம் நூலில், எண்களைக் கூறுகளாகப் பிரிக்கும் வகைகளை முடிவிலாத் தொடர்களைப் பெருக்கியே எண்ணிவிடலாம் என்று அவர் காட்டினார். நாணயக் கணக்குக்கும் அடிப்படை அதுவே.

1884இல் கணிதவியலர் சில்வெஸ்டர் வேறொரு கேள்வியை எழுப்பினார்: இருவகை நாணயங்களை மட்டும் வைத்துக்கொண்டு எத்தனை தொகைகளைக் கொடுக்கவே முடியாது? 5, 7 மதிப்புள்ள நாணயங்களை எடுத்துக்கொண்டால் 1, 2, 3, 4, 6, 8, 9, 11, 13, 16, 18, 23 ஆகிய 12 தொகைகள் தேறாது. 23க்கு மேல் எந்தத் தொகையையும் கொடுத்துவிடலாம். இரு மதிப்புகளுக்கும் 1 தவிர வேறு பொது வகுத்தி இருக்கக்கூடாது. இருந்தால் தேறாத தொகைகளுக்கு முடிவே இராது. மூன்றாவது நாணயம் சேர்ந்துவிட்டால், இருவகை நாணயங்களுக்கு உள்ளதுபோன்ற எளிய சூத்திரம் கிடைப்பதில்லை. இந்தக் கணக்கின் உண்மையான ஆழம் அங்கேதான் தெரிகிறது. பின்னாளில் இந்தக் கணக்கு கணிதவியலர் ஃப்ரோபேனியஸின் பெயரால் வழங்கலாயிற்று.

சில்லறை மாற்றும் வகைகளை எண்ணும் முதற் கணக்கை வகுப்பறைக்கு அழகாகக் கொண்டுவந்தவர் கணிதவியலர் போல்யா. அமெரிக்க டாலரை 1, 5, 10, 25, 50 சென்ட் நாணயங்களாக மாற்றும் வகைகளை 1956இல் ஒரு கட்டுரையில் அவர் விளக்கினார், விடை 292. சிறிய அளவில், 25 சென்டைக் கையாலேயே எண்ணலாம். பத்து சென்ட் இல்லாமல் 6 வகை, ஒன்று இருந்தால் 4, இரண்டு இருந்தால் 2, தனி 25 சென்டாக 1, ஆக 13. பெரிய தொகைக்கும் இதே ஒழுங்குதான்: பெரிய நாணயத்தை முதலில் நிறுத்தி, மிச்சத்தைச் சிறியவற்றால் நிரப்ப வேண்டும்.