தோளுக்கு ஏற்ற துவக்கு: வளரும் பிள்ளைக்கு உதையைக் குறைப்பது எப்படி?

ரொறன்ரோவில் படிக்கும் என் 13 வயது மகள், பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடும் விளையாட்டில் சேரவேண்டும் என்று கேட்டபோது நான் உடனே சம்மதிக்கவில்லை. தோளுக்கு மீறிய துவக்கோடு நின்ற பிள்ளைகளை வன்னியில் கண்டவன் நான். வெடிச்சத்தம் கேட்டால் இன்றும் என் உடம்பு ஒருமுறை குலுங்கும். ஆனால் இது விளையாட்டு, ஒலிம்பிக்கிலும் உள்ளது. ஆகவே முறையாகக் கற்றுக்கொள்ளட்டும் என்று முடிவெடுத்தேன்.

கனடாவில் 12 முதல் 17 வயது வரையானோர் பாதுகாப்புப் பயிற்சியில் தேறி, சிறுவருக்கான அனுமதிப்பத்திரம் பெறலாம். துவக்கை இரவல் வாங்கிப் பாவிக்கலாம். சொந்தமாக வைத்திருக்க முடியாது.

முதல் நாள் அவளுக்குக் கிடைத்தது பெரியவர்களுக்கான 12 போர் சொட்கண். நாலாவது வெடிக்குப் பிறகு, விசையை இழுக்கும் முன்னரே கண்ணை மூடத் தொடங்கினாள். அந்தக் குலுக்கம் எனக்குப் பழக்கமானது. ஒருமுறை பதிந்துவிட்டால் போக்குவது கடினம். அன்றே நிறுத்தினோம்.

பிறகு கற்றுக்கொண்டவை இவை.

பிடங்கின் நீளம்: பிடங்கின் அடியிலிருந்து விசை வரையான அளவு இது. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 14 அங்குலத்துக்கு மேல் இருக்கும். சிறுவர் துவக்குகளில் 12, 13 அங்குலம். நீளம் கூடினால் பிள்ளை பின்பக்கம் சாய்வாள், பிடங்கு தோளை விட்டுப் புயத்தில் இடிக்கும். குறைந்தால் பெருவிரல் மூக்கில் அடிக்கும். வளர வளர அடியில் தகடு சேர்த்து நீட்டலாம்.

கன்னம் படும் இடம்: அது தாழ்வாக இருந்தால் குறிபார்க்கத் தலையை உயர்த்த வேண்டிவரும். அப்போது உதை கன்னத்தில் அறையும். மேலே மெத்தை ஒட்டி உயர்த்தலாம்.

தோட்டா: செலவு குறைந்த வழி இதுதான். 28 கிராம் சன்னத்துக்குப் பதிலாக அதே வேகத்தில் 21 கிராம் போட்டால், உதையின் சக்தி ஏறத்தாழ 40 வீதம் குறையும். ஒலிம்பிக்கிலேயே 24 கிராம்தான்.

துவக்கின் பாரம்: 20 போர் என்றால் உதை குறைவு என்பது பலரின் நம்பிக்கை. பாரம் குறைந்த 20 போரில் கனத்த தோட்டா போட்டால், மெல்லிய தோட்டா போட்ட பாரமான 12 போரைவிட அதிகமாக உதைக்கும். ஆனால் முன்கை தாங்காத பாரமும் கூடாது. வாயு அமுக்கத்தில் இயங்கும் தானியங்கித் துவக்கு உதையைச் சற்று நேரம் பரப்பிவிடுவதால் மென்மையாகத் தெரியும். பழகுபவருக்கு ஒவ்வொரு தோட்டாவாகவே போடவேண்டும்.

நிலை: இடது கால் முன்னே (வலக்கைக்காரருக்கு), உடம்பு சற்று முன் சாய்வு, பிடங்கு தோளில் இறுக்கமாக. இடைவெளி விட்டால் அது குத்தாக மாறும். அடியில் இறப்பர் மெத்தை, காதுக்கும் கண்ணுக்கும் பாதுகாப்பு கட்டாயம். சத்தம் குறைந்தாலே பயம் பாதி குறையும்.

இப்போது 13 அங்குலப் பிடங்கும் 21 கிராம் தோட்டாவும் அவளுக்கு. 25 தட்டுகள்தான் ஒரு சுற்று. களைத்தால் பத்தோடு நிறுத்துவோம். துவக்கைத் திறந்து, வெறுமையாக இருப்பதைக் காட்டிவிட்டுத்தான் திரும்புவாள்.

அவள் கண்ணை மூடுவதில்லை. பின்னால் நிற்கும் நான்தான் இன்னும் மூடுகிறேன்.