மழையில் ஊதிப்போன துப்பாக்கிக் கட்டை

இன்னைக்கு ஒரு மரக்கட்டையோட கதை சொல்லப் போறேன். ரைஃபிள்ல இரும்புக் குழாயைத் தாங்கிக்கிட்டு, பின்னாடி நம்ம தோள்ல முட்டுக் கொடுக்கிற பகுதிக்கு ஸ்டாக்னு பேரு. பல நூறு வருஷமா அது மரம்தான். அதுலயும் வால்நட் மரத்துக்குத் தனி மவுசு.

1966-ல் வியட்நாம்ல இருந்த அமெரிக்க மரைன் ஸ்னைப்பர்களுக்கு நல்ல ரைஃபிள் தேவைப்பட்டது. புதுசா எதையும் கண்டுபிடிக்கல. ரெமிங்டன் கம்பெனி 1962-லிருந்து வித்துக்கிட்டிருந்த மாடல் 700 என்ற வேட்டைத் துப்பாக்கியை எடுத்தாங்க. கனமான குழாயும் டெலஸ்கோப்பும் மாட்டி, எம்40-னு பேர் வச்சாங்க. ஸ்டாக் மட்டும் வழக்கம்போல வால்நட்.

அங்கதான் சிக்கல். ஐப்பசி மழையில நம்ம வீட்டு மரக்கதவு இறுகிப்போய் மூடாம அடம்பிடிக்கும் இல்லையா? அதேதான். மரம் ஈரத்தைக் குடிச்சு ஊதும். ஊதின கட்டை குழாயை ஒரு பக்கமா அழுத்தும். ஒரு டிகிரியில் 60-ல் ஒரு பங்கு குறி விலகினாலே, 600 மீட்டர் தூரத்தில் குண்டு கிட்டத்தட்ட 17 சென்டிமீட்டர் தள்ளிப் போகும். நேத்து சரிபார்த்து வச்ச குறியை இன்னைக்கு நம்ப முடியாது. முதல் சத்தத்திலேயே ஸ்னைப்பர் ஒளிஞ்சிருக்கிற இடம் எதிரிக்குத் தெரிஞ்சிடலாம். அதனால தவறினா உயிரே போகும். (அந்தக் குண்டுகள் யார் மேல பாய்ஞ்சதுங்கிறது தனி எபிசோடு.)

மரத்தோட இந்தக் குணம் ஜெர்மானியர்களுக்கு முன்னமே தெரியும். 1930-களின் கடைசியிலேயே மாவ்சர் ரைஃபிள்களுக்கு, மெல்லிய மரத்தகடுகளைப் பசைபோட்டு ஒட்டின ஸ்டாக் செய்ய ஆரம்பிச்சுட்டாங்க. அது அவ்வளவா முறுக்கிக்காது.

மரைன்களுக்கு விடை கிடைச்சது விளையாட்டுப் போட்டியிலிருந்து! மேசை மேல துப்பாக்கியை வச்சு, ஒரே புள்ளியில் சுடப் பார்க்கிற போட்டி ஒண்ணு உண்டு. அதுல கலந்துகிட்டவர் கேல் மெக்மில்லன். அவரோட ஃபைபர்கிளாஸ் ஸ்டாக்கைத்தான் 1970-களில் வந்த எம்40ஏ1-க்குத் தேர்ந்தெடுத்தாங்க. எத்தனை மழை பெஞ்சாலும் அது ஊதாது.

ஆனா கட்டையை மாத்தினா மட்டும் போதாது. இரும்பும் ஸ்டாக்கும் சேர்ற இடத்துல துளி இடைவெளி இல்லாம எபாக்ஸி பிசின் ஊத்தி நிரப்பணும். குழாயோ ஸ்டாக்கைத் தொடவே கூடாது. என்னைக் கேட்டா, பாதி வெற்றி இந்தப் பொறுமையான கைவேலையில்தான் இருக்கு. ஆனா பேரு என்னவோ ஃபைபர்கிளாஸுக்கு.

வேட்டைக்காரர்கள் அவ்வளவு சீக்கிரம் மாறல. 1959-லேயே ரெமிங்டன் நைலான் 66-னு ஒரு சின்ன ரைஃபிள் விட்டது. ஸ்டாக் முழுக்க டூபான்ட் நைலான். மழை, வெயில் எதுக்கும் அசையாது. நல்லா வித்துச்சு. ஆனா அந்த நைலானுக்குப் பெரும்பாலும் கொடுத்த நிறம் என்ன தெரியுமா? மரம் மாதிரி பழுப்பு!